விழுந்த அட்டை வீடும் மல்லசந்திரம் மலையும்

எட்டாம் வகுப்பில் ஆறு குழுக்கள் கட்டிய ஆறு அட்டை வீடுகளும் விழுந்துவிட்டன. நான்கு சுவர், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான் வேலை. பசை கூடாது, நூல் கூடாது. மூடியை வைத்த உடனே ஏதாவது ஒரு சுவர் சாயும், அதோடு மொத்தமும் படுத்துவிடும்.

கல்திட்டை பற்றிய பாடத்துக்காக நான் கொடுத்த பயிற்சி அது. நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே பெரிய பலகையால் மூடி, ஒரு பக்கத்தில் வட்டமாகத் துளையிட்ட ஈமச் சின்னம். இரும்புக் கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியது. நிலத்துக்கு மேலே நின்றால் கல்திட்டை, மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. பதுக்கை என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதியபோது யாரும் நிமிரவில்லை. அட்டை விழுந்த பிறகுதான் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ அவங்க கட்டினது மட்டும் எப்படி டீச்சர் விழாம நிக்குது?"

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்றேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் புத்தகப் படத்தில் பார்ப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. பர்கூர் பக்கம் இருக்கிற மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளை ஆய்ந்து, கி.மு. 2172-லேயே அங்கே இரும்பு இருந்தது என்று 2022-ல் அறிவித்தார்களே, அந்த மண்ணின் பிள்ளைகள் இவர்கள். கல்திட்டைகள் நிற்கிற மல்லசந்திரம் குன்று எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வகுப்பில் ஒருவரும் அதுவரை போனதில்லை. நானும் ஒரே ஒருமுறைதான் போயிருந்தேன்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, வேன் பேசுவது எல்லாம் வழக்கம்போல நடந்தன. புறப்படுமுன் வகுப்பில் இன்னொரு வேலையும் செய்தோம். நீளமான கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நடுவில் கால் மீட்டருக்கு ஒரு சிவப்பு நூல் கட்டி, குழுவுக்கு ஒரு அளவுகயிறு செய்தார்கள். தையற்கடை இஞ்சு டேப் ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிடுகிறது, கல் அதைவிடப் பெரிது.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. ஓசூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் இருபுறமும் மாந்தோப்பு, மரம் முழுக்கப் பூ. வேனுக்குள் பாட்டு நின்று எல்லோரும் வெளியே பார்த்தார்கள். குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "பாண்டவருங்க வீட்டப் பாக்க வந்தீங்களா கண்ணு?" என்று கேட்டு ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். இந்தப் பக்கத்தில் கல்திட்டைகளுக்குப் பாண்டவர் வீடு என்றுதான் பெயர்.

குன்றின் மேல் முதல் கல்திட்டையைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. ஒன்று இரண்டு என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, பாறை மேல் எங்கே திரும்பினாலும் கல் வீடுகள். சில முழுசாக நிற்கின்றன, சில சரிந்து கிடக்கின்றன. புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டியதால் அழிந்த கல்திட்டைகள் தமிழ்நாட்டில் ஏராளம். சரிந்து கிடந்த ஒன்றின் பக்கத்தில் நின்று அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

உள்ளே நுழையக்கூடாது, மேலே ஏறக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிறுகளைக் கொடுத்தேன். அப்புறம் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு மூலையிலிருந்து, வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணின் சத்தம். "டீச்சர், இங்க வாங்க! சுவரு மூலையில முடியல!"

போய்ப் பார்த்தேன். எங்கள் அட்டை வீட்டில் சுவர்கள் மூலையில் முனையோடு முனை சேர்ந்து நின்றன. இங்கே ஒரு பலகை அடுத்த பலகையைத் தாண்டி நீண்டிருந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. நான்கும் ஒன்றையொன்று சுற்றிப் பிடித்த மாதிரி. ஒரு கல் உள்ளே சாய நினைத்தால் பக்கத்துக் கல் தடுத்துவிடும். மேலே வைத்த மூடிக்கல்லின் பாரம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கும். தென்னிந்தியாவின் கல்திட்டை, கற்பதுக்கைகளில் பலவற்றில் இருக்கிற அமைப்புதான் இது. நான் படித்திருக்கிறேன், ஆனால் வகுப்பில் வேண்டுமென்றே சொல்லவில்லை. அந்தப் பெண் மணலில் விரலால் நான்கு கோடு போட்டுத் தோழிகளுக்குத் தெலுங்கில் விளக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த கேள்வி, இவ்வளவு பெரிய பலகை எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொன்னவன் கல் குவாரியில் வேலை செய்பவரின் மகன். வகுப்பில் கடைசி பெஞ்சு, அதிகம் பேசமாட்டான். குனிந்து ஒரு சின்னக் கல்லால் பாறையைத் தட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இங்க உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கு டீச்சர். மேல விறகு போட்டு எரிச்சா தனியா கெளம்பும். அப்புறம் ஆப்பு அடிச்சா பலகையா வரும். எங்க தாத்தா அப்படித்தான் எடுத்தாராம்." கருங்கல் பாறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும் என்பதை நான் படம் போட்டுச் சொல்லியிருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும். அவன் காதால் காட்டிவிட்டான். அன்று முழுக்க மற்றவர்கள் அவன் பின்னாலேயே தட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு மூடிக்கல்லின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர், கனம் சுமார் 15 சென்டிமீட்டர். பெருக்கினால் 0.75 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன். ஆக, 2 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. "சின்ன யானை வண்டி முக்கா டன்தான் டீச்சர் ஏத்தும், மூணு வண்டி வேணும்" என்றான் ஒருவன். வண்டி இல்லாமல், கிரேன் இல்லாமல், ஒரு இறப்புக்காக எத்தனை பேர் கூடி இழுத்திருப்பார்கள் என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

போக நினைப்பவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். பாறையில் நிழல் குறைவு, தண்ணீர் கையில் இருக்க வேண்டும். நாங்கள் கொண்டுபோனது பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது, கீழே ஒரு வீட்டில் குடம் குடமாகக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் போவதற்கு முன்பே அட்டைகள் மேசையில் இருந்தன. ஒவ்வொரு சுவரும் அடுத்ததைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. மூடியின் மேல் ஒவ்வொன்றாகப் புத்தகம் அடுக்கினார்கள். ஒன்பதாவது புத்தகத்தில் மூடி நடுவில் வளைந்தது. சுவர் நான்கும் அப்படியே நின்றன.