புரட்டாசியில் பூனைக்கு டின் வாங்குகிறவர்களுக்கு: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 20, 2025, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பல வீடுகளில் இனி ஒரு மாதத்துக்கு மீன் சட்டி அடுப்பேறாது. மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்த பூனைதான் தவித்துப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே நிலைதான். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீன் குறையும், விலை ஏறும். பலர் பூனை உணவு டின்னை முதல்முறையாகக் கையில் எடுப்பது இந்த மாதிரி நேரத்தில்தான்.

மீன் இல்லாத நாட்களில் பால் சாதம் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். சாதத்தில் டாரின் என்ற அமினோ அமிலச் சத்து கிடையாது. பூனையின் உடம்பு தனக்கு வேண்டிய அளவு டாரினைத் தானே செய்துகொள்ளாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். மாதக்கணக்கில் கிடைக்காமல் போனால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை மெலிந்து இதயம் விரிந்துவிடும். டாரின் குறைவால் பூனைக்கு இதய நோய் வருவது 1987-இல் அமெரிக்க ஆய்வில் தெரியவந்த பிறகுதான் நிறுவனங்கள் பூனை உணவில் அதன் அளவைக் கூட்டின.

செப்டம்பர் 22, திங்கள்

டின்னைத் திருப்பிப் பிடித்துப் பொடி எழுத்தில் முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு சொல். 'கம்ப்ளீட்' என்று இருந்தால் அதை மட்டுமே வைத்து வளர்க்கலாம். 'காம்ப்ளிமென்ட்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கை மாதிரி, சாப்பாடு ஆகாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் ஏமாந்துபோகிறோம். வெள்ளை வெளேரென்று சூரை மீன் சதை மட்டும் அடுக்கிய அழகான சிறு டின்களில் நிறைய இரண்டாவது வகைதான். விலையும் அதற்குத்தான் கூடுதல்.

'அடல்ட் மெயின்டனன்ஸ்' என்றால் வளர்ந்த பூனைக்கு. 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்றால் குட்டிக்கும் சினைப் பூனைக்கும் ஆகும்.

முன்பக்கப் பெயரிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்காவின் ஆஃப்கோ (தீனிக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம்) விதிப்படி, வெறும் 'டூனா' (சூரை) என்று பெயர் வைத்தால் சேர்க்கிற தண்ணீர் நீங்கலாக 95 விழுக்காடு அந்த மீன் இருக்க வேண்டும். 'டூனா டின்னர்' என்றால் 25 போதும். 'வித் டூனா' என்றால் 3 போதும். 'டூனா ஃப்ளேவர்' என்பதற்கு வாசனை தெரிந்தாலே சரி. அங்கிருந்து வரும் டின்னுக்கு மட்டுமே இந்த எண்கள் பொருந்தும். மற்ற நாட்டு டின்களில் பெயரை விட்டுவிட்டு, சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். எடை அதிகமானதுதான் முதலில் நிற்கும்.

செப்டம்பர் 24, புதன்

எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்றும் இப்போது அச்சிடுகிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுக்க நேரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை கடைக்குக் கடை மாறும், ஆகவே இவை மாதிரி எண்கள்.

80 கிராம் பவுச் 44 ரூபாய். 400 கிராம் டின் 220 ரூபாய். இரண்டும் கிராம் 55 காசு. பவுச்சில் நூற்றுக்குப் புரதம் 7, கொழுப்பு 2.5, நார் 1, ஈரப்பதம் 87. டின்னில் புரதம் 9, கொழுப்பு 5, நார் 1, ஈரப்பதம் 80. சாம்பல் சத்து அச்சிட்டிருக்காவிட்டால் ஈர உணவுக்கு 2 அல்லது 2.5 என்று வைத்துக்கொள்ளலாம்; இங்கே பவுச்சுக்கு 2, டின்னுக்கு 2.5. எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து: பவுச்சில் அரை, டின்னில் இரண்டரை.

ஈரத்தை நீக்கிப் புரதம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார்கள். பவுச்சில் 7-ஐ 13-ஆல் வகுத்தால் 54 விழுக்காடு, டின்னில் 9-ஐ 20-ஆல் வகுத்தால் 45. வளர்ந்த பூனைக்கு ஆஃப்கோ கேட்பது குறைந்தது 26, குட்டிக்கு 30. இரண்டுமே தேறிவிட்டன, அதிலும் பவுச்தான் முன்னே நிற்கிறது. இங்கேயே நிறுத்தினால் தவறான பொருளை வாங்கிவிடுவோம். பூனைக்கு வயிறு நிறைவது விழுக்காட்டால் அல்ல, கலோரியால்.

புரதம், மாவுச்சத்து ஒவ்வொன்றையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி கிடைக்கும். பவுச்சில் சுமார் 47, டின்னில் 83. வீட்டோடு இருக்கிற, கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். பவுச்சில் கொடுத்தால் 420 கிராம், ஐந்து பவுச்சுக்கும் மேலே, 231 ரூபாய். டின்னில் 241 கிராம், 133 ரூபாய். கிராம் விலை ஒன்றுதான், ஆனால் நாளுக்கு நூறு ரூபாய் வித்தியாசம்!

133-ம் பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. பாதியை உலர்தீனியாக மாற்றினால் போதும். 100 கலோரிக்குச் சுமார் 27 கிராம் உலர்தீனி, கிலோ 400 ரூபாய் என்றால் 11 ரூபாய். மீதி 100 கலோரிக்கு டின்னில் 120 கிராம், 66 ரூபாய். மொத்தம் 77. டின்னின் ஈரமும் கொஞ்சம் உள்ளே போய்விடும். தானாகத் தண்ணீர் குடிக்காத பூனைக்கு, அதுவும் ஆண் பூனைக்கு, அந்த ஈரம் சிறுநீர்ப் பைக்கு நல்லது.

செப்டம்பர் 27, சனி

மளிகைக் கடையில் மனிதருக்கு விற்கிற சூரை, மத்தி டின்னைப் பூனைக்கு வைக்கலாமா? அவசரத்துக்கு, தண்ணீரில் போட்ட மீனை வடித்து ஒரு ஸ்பூன் வைக்கலாம். தினமும் வேண்டாம். உப்பு கூடுதல், தனியாக வைட்டமின் சேர்த்திருக்க மாட்டார்கள். சிலவற்றில் வெங்காயம், பூண்டு சேர்ந்த சாறு இருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனை மட்டுமே தொடர்ந்து தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும். தூக்கினாலே பூனை கத்தும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடையில் டின்னைக் கையில் வாங்கிப் பாருங்கள். மூடியையும் அடியையும் கட்டை விரலால் அழுத்தினால் அசையக் கூடாது. 'டக்'கென்று உள்ளே போய் வெளியே வந்தாலும், புடைத்து நின்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், உள்ளே கிருமி வாயு விட்டிருக்கலாம். பக்கவாட்டில் வழவழப்பான சிறு நசுங்கல் பரவாயில்லை. மூடி சேரும் விளிம்பிலும் பக்கத் தையலிலும் நசுங்கியிருந்தால் வேண்டாம். நாகூர், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் விளிம்பு துருப்பிடிக்கும். துணியால் துடைத்துப் போகிற மேல் துரு என்றால் சரி, நகத்தில் சுரண்டினால் குழி தெரிகிற டின் வேண்டாம். இறக்குமதி டின்னில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டுப் பூனை தொடவில்லை என்று புலம்புவதைவிட, ஒவ்வொரு ருசியிலும் ஒன்று வாங்கிப் பழக்குவது மேல். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுசு. பேதி வந்தால் ஒரு படி பின்னே போங்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனை எழாது, பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்திக் கிளறுங்கள். புறங்கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆழக் கிண்ணத்தில் மீசை இடிப்பதைச் சில பூனைகள் விரும்பாது, தட்டையான தட்டு நல்லது. பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து.

அக்டோபர் 9, வியாழன்

400 கிராம் டின் திறந்த அன்றே மூன்றாகப் பிரித்து மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் போட்டுவிடுங்கள். இரண்டு டப்பா குளிர்பெட்டியில், மூன்றாவது ஃப்ரீசரில். குளிர்பெட்டியில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் தாங்கும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்று பல மணி நேரம் ஆகிவிட்டால் அதை நம்ப வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தது உருகும்போது தண்ணீர் விடும். அதை வடித்துக் கொட்டாமல் கலந்துவிடுங்கள், டாரின் தண்ணீரில் கரைவது. மீன் அவித்த தண்ணீரையும் இதே காரணத்தால் கொட்ட வேண்டாம்.

தட்டில் வைத்தது அரை மணியில் தீராவிட்டால் எடுத்துவிடுங்கள். எறும்புக்கு, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் தீனித் தட்டை வையுங்கள்.

அக்டோபர் 13, திங்கள்

ஆண் பூனை சிறுநீருக்கு முக்கி முக்கி வராமல் தவித்தால் டின்னை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ள வயதான பூனைக்குப் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு வேண்டும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி ஒன்று. மீன் சட்டி திரும்ப அடுப்பேறுகிறது. டின்னை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குவரை வீட்டு மீனோ கோழியோ தரலாம். 4 கிலோ பூனைக்கு அது 20 கலோரி, அவித்த கோழி என்றால் சுமார் 12, 13 கிராம். அன்று டின்னில் அந்த 20 கலோரியைக் குறைத்துவிடுங்கள். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். நாள்பட பி1 குறைந்த பூனை தலையைக் கீழே தொங்கப்போட்டுத் தள்ளாடும். உப்பு, புளி, மிளகாய் போடுமுன்பே பூனைக்கான துண்டைத் தனியே எடுத்து அவித்து, முள் நீக்கி, டின் உணவோடு பிசைந்து வையுங்கள்.