கற்சிலுவையில் வாள் செதுக்கியிருந்தால் வாளால் வெட்டினார்கள் என்று அர்த்தமா?

ஜெர்மனியில் ஃபிராங்கோனியா, துரிங்கியா, சாக்சனி பக்கம் வயலோரங்களில் குட்டையான, தடித்த கற்சிலுவைகள் நிற்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரே மணற்பாறைத் துண்டில் வெட்டியது. எழுத்து இருப்பது அபூர்வம். பல, ஒரு கொலைக்கு ஈடாக நட்டவை: ‘ஸ்யூனெக்ரோய்ட்ஸ்’, அதாவது பரிகாரச் சிலுவை.

14, 15ஆம் நூற்றாண்டுகளில், ஆளைக் கொன்றவன் செத்தவனின் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பழிவாங்கலிலிருந்து தப்பலாம். குடும்பத்துக்குப் பணம், தேவாலயத்துக்குப் பவுண்டு கணக்கில் மெழுகு, திருப்பலிகள், ரோமுக்கோ ஆஹெனுக்கோ யாத்திரை, கூடவே ஒரு கற்சிலுவை. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் திடீரென்று செத்தவனுக்காக வழிப்போக்கர் ஒரு ஜெபமாவது சொல்லட்டும் என்றுதான் பாதையோரத்தில் நட்டார்கள். 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் குற்றவியல் சட்டம் வந்த பிறகு இந்த வழக்கம் மங்கிப்போனது. ஆகவே ஊர்க்காரர் ‘சுவீடன் சிப்பாய் கல்லறை’ என்றால் தலையாட்டிவிட்டு நகருங்கள். முப்பதாண்டுப் போரில் சுவீடன் படை ஜெர்மனியில் இறங்கியதே 1630இல்தான்.

சிக்கல், செதுக்கலைப் படிப்பதில். வாள், கத்தி, கோடரி என்றால் கொலைக் கருவி என்று உடனே முடிவு கட்டுகிறார்கள். கலப்பைக் கொழுவும் கத்தரிக்கோலும் வரும்போது அது செத்தவனின் தொழிலாக இருக்கவும் வாய்ப்புண்டு. கோடரி இரண்டுக்குமே பொருந்தும். அந்தக் கொலைக்கான ஒப்பந்த ஏடு கையில் இல்லாதவரை இரண்டையும் குறித்துவையுங்கள்.

நண்பகலில் எடுத்த படம் வீண். ஆழமில்லாத கோடுகள் தெரிய ஒளி பக்கவாட்டில் விழ வேண்டும்: காலை வெயில், அல்லது இருட்டியபின் கல்லை ஒட்டிப் பிடித்த டார்ச். சாக்பீஸால் கோட்டை நிரப்பாதீர்கள். எங்கே கோடு என்று நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள், தூளும் கல்லின் நுண்துளைகளில் தங்கும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் செதுக்கலும் சேர்ந்து உதிரும்.

உயரத்தை அளக்கும்போது ‘தரைக்கு மேல்’ என்று எழுதுங்கள். மண் ஏறி, கைகள் தரையைத் தொடும் சிலுவைகள் நிறைய. சாலை அகலப்படுத்தலிலும் நிலச் சீரமைப்பிலும் இடம் மாறியவையும் ஏராளம். மூன்று நான்கு சேர்ந்து நின்றால் பெரும்பாலும் பின்னால் கொண்டுவந்து வைத்தவைதான், கூட்டுக்கொலை அல்ல.

சிலுவையின் ஒடிந்த கையை ஒட்டும்போதுதான் பெரிய சேதம். சிமெண்ட் மணற்பாறையைவிடக் கடினம், ஈரத்தை விடாது. ஈரமும் உப்பும் பக்கத்துக் கல் வழியாக வெளியேறும். பனியில் உறைந்து அந்த இடம் செதில் செதிலாகக் கழலும். உள்ளே இரும்புக் கம்பி வைத்திருந்தால் துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். சுண்ணாம்புச் சாந்தும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போதும்.