இரண்டு சின்சில்லாக்களைத் தேற்றி எடுத்த அனுபவம்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், உரிமையாளர்கள் வைத்துக்கொள்ள முடியாமல் ஒப்படைக்கும் சிறுவிலங்குகளை வீட்டில் வைத்துத் தேற்றி, பிறகு தகுந்தவர்களிடம் கொடுக்கும் தன்னார்வப் பணியைச் செய்துவருகிறேன். முயலும் கினிப் பன்றியுமே அதிகம் வரும். 2022 வசந்தத்தில் வந்தவை இரண்டு சின்சில்லாக்கள்; அடர்ந்த மென்மயிர் கொண்ட, தென் அமெரிக்க மலைகளைச் சேர்ந்த சிறிய கொறிவிலங்குகள். பள்ளிப் பருவத்து மகனுக்காக வாங்கியிருக்கிறார்கள். அவன் வளர்ந்து பல்கலைக்கழகத்துக்குப் போனபின் கூண்டு, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கும் சிற்றறைக்குப் போய்விட்டது. பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய ஒரு விலங்கைக் குழந்தையின் பெயரில் வாங்கும்போது, அந்தக் குழந்தை வீட்டைவிட்டுப் போன பிறகும் அது உயிரோடு இருக்கும் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவது உரிமையாளரின் கடமை என்று இந்நாட்டின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தார் தாங்களாகவே உதவி கேட்டு, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

வந்தபோது ஆணின் தாடை எச்சிலால் நனைந்திருந்தது. ஒரு கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. பெண் தன் விலாப்பக்கத்து மயிரைத் தானே கடித்துக் குட்டையாக்கியிருந்தது. கம்பி வலைத் தரையில் நின்று நின்று இரண்டின் பாதங்களும் புண்ணாகியிருந்தன. ஷாம்பூ போட்டு நீரில் குளிப்பாட்டியதால் மயிர் திரிதிரியாகச் சடைபிடித்திருந்தது. உலர்புல்லை அவை பார்த்ததாகவே தெரியவில்லை. கூண்டோடு வந்த பையில் உலர்திராட்சையும் சூரியகாந்தி விதையும் வண்ண வண்ணத் துண்டுகளும் கலந்த தீனிதான் இருந்தது.

இந்த நிலையில் ஒரு விலங்கைப் பார்க்கும் எவருக்கும், உடனே கழுவித் துடைத்து, நல்ல தீனியை நிறைய வைத்து, மடியில் எடுத்துத் தடவிக்கொடுக்கத்தான் மனம் வரும். சின்சில்லாவின் விஷயத்தில் இந்த மூன்றுமே தீங்கு. ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இழைகள் முளைக்கும் அதன் அடர்த்தியான மயிர் நனைந்தால் எளிதில் உலராது. அந்த ஈரத்தில் பூஞ்சை பற்றும். தீனியைத் திடீரென்று மாற்றினால் குடல் நின்றுவிடும். பயந்த நேரத்தில் இறுகப் பிடித்தால் மயிர் கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிடும். அந்த இடம் மீண்டும் நிரம்ப மாதங்கள் ஆகும். ஆகவே முதல் இரவில் இருளான, அமைதியான, குளிர்ந்த அறையில் சமதளத் தரையுள்ள கூண்டில் அவற்றை விட்டு, பழைய தீனியையே கொஞ்சம் வைத்து, பக்கத்தில் திமோத்தி என்ற தீவனப்புல்லின் உலர்புல்லைக் குவித்துவிட்டு வெளியே வந்தேன். திராட்சையையும் விதைகளையும் மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

இவற்றின் தாயகத்தை அறிந்தால் இந்த விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். சிலியின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில், வறண்ட குளிரில், காய்ந்த புல்லையும் செடிகளையும் தின்று வாழ்பவை இவை. ரோமத்துக்காக வேட்டையாடி ஏறத்தாழ அழித்துவிட்டார்கள். 1910இல் அண்டை நாடுகள் சேர்ந்து தடை ஒப்பந்தம் செய்தன. 1923இல் மதாயஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ரோமப் பண்ணைக்காகக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற 11 விலங்குகளின் வழிவந்தவைதாம் இன்றைய வளர்ப்புச் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை. நூறு ஆண்டுகள் கூண்டில் வளர்ந்தும் அவற்றின் குடலும் பல்லும் மலைப்புல்லையே எதிர்பார்க்கின்றன.

பல்தான் ஆணின் சிக்கல். சின்சில்லாவின் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் கடைவாய்ப்பற்கள் தேயும். தேயாவிட்டால் மேல்முனை கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வேர்முனை எலும்புக்குள் நீண்டு கண்ணை நோக்கி ஏறும். முன்பற்கள் பார்வைக்கு ஒழுங்காக இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்தால்தான் உண்மை தெரியும். இத்தகைய விலங்குகளில் தேர்ச்சி பெற்ற மருத்துவரைத் தேடிப் போவதும் அவசியம். அமாக்சிசிலின் போன்ற நாம் சாதாரணமாகக் கருதும் மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து சின்சில்லா இறந்துபோகக்கூடும். எங்கள் மருத்துவர் மயக்கம் கொடுத்துக் கூர்முனைகளைத் தேய்த்துவிட்டு, வேர்கள் நீண்டது நீண்டதுதான், வலியைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிரக் குணமாக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அதன்பின் நாட்கள் தராசையும் புழுக்கையையும் சுற்றியே நகர்ந்தன. நோயை மறைப்பது இரையாகும் விலங்கின் இயல்பு. சின்சில்லா சோர்ந்து படுத்திருப்பதை நாம் காணும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைத்தேன். புழுக்கை பருமனாகவும் நீள்வட்டமாகவும் இருந்தால் குடல் ஓடுகிறது; சிறுத்துக் கூராகி எண்ணிக்கையும் குறைந்தால் ஆபத்து. ஆண் சாப்பிட மறுத்த நாட்களில் நார்த்தூளைக் கரைத்துச் சிரிஞ்சில் எடுத்து, இரவிலும் எழுந்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டினேன். பழைய தீனியைக் குறைத்துப் புதிய பெல்லட்டை (அழுத்திச் செய்த தீனித் துண்டுகளை) கூட்டுவதை வாரக்கணக்கில் மெதுவாகச் செய்தேன். படர்தாமரை இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தபிறகே மயிருக்குத் தூள் குளியல். நுண்ணிய எரிமலைத் தூளில் கால் மணி நேரம் புரண்டதும் எடுத்துவிட வேண்டும். ஆணுக்குக் கண் நோவு தணியும்வரை அதுவும் கொடுக்கவில்லை.

இரண்டும் ஆண் என்று சொல்லி விற்றிருந்தார்கள். மருத்துவர் பார்த்த அன்றே ஒன்று பெண் என்று தெரிந்ததால் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றினோம். சின்சில்லாவின் கர்ப்பகாலம் 111 நாள். அது முடியும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. பெண்ணின் எடை 430 கிராமிலிருந்து ஏற ஏற, நல்ல உணவால் ஏறுகிறதா, குட்டியால் ஏறுகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. குட்டி எதுவும் பிறக்கவில்லை, ஏறியது சதைதான்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அவ்வாண்டின் ஜூலை வெப்பம் வந்தது. பிரிட்டனின் முதல் சிவப்பு வெப்ப எச்சரிக்கை நாட்டிங்காமையும் உள்ளடக்கியிருந்தது. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. 25 டிகிரியைத் தாண்டினாலே சின்சில்லாவுக்கு வெப்பத்தாக்கு வரக்கூடும். வியர்க்காத விலங்குக்கு மின்விசிறியால் பயனில்லை. வடக்குப் பார்த்த அறையில் திரைகளை மூடி, இரவல் வாங்கிய குளிர்சாதனத்தை ஓடவிட்டு, படுத்துக்கொள்ளப் பளிங்குக் கல் போட்டு, காதுகள் சிவக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இரு பகல்களைக் கடத்தினேன். அவை இன்னும் அந்தக் கொதிகலன் அறையிலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆண் அந்த வெப்பத்தைத் தாண்டியது, பல்லைத் தாண்டவில்லை. இலையுதிர்காலத்தில் தாடையில் சீழ்க்கட்டி வந்து, புகட்டிய உணவும் இறங்காமல் எடை சரிந்தபோது, மருத்துவரும் நானும் பேசி, அதை வலியின்றி உறங்கவைக்க முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். துயரம் அதனால் குறைந்துவிடவில்லை.

பெண்ணைக் கேட்டுப் பலர் எழுதினார்கள். சிறு குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டவர்களுக்கு இல்லை என்றேன். அன்பான ஒரு தம்பதிக்கும், கோடையில் அனலாகும் மாடிக் குடியிருப்பு என்பதால், மறுக்க வேண்டியிருந்தது. கோடையில் அறை எவ்வளவு சூடேறும், பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்துக்கொள்பவர் யார், மருத்துவச் செலவுக்கு வழி என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கடைசியாக, வெகுகாலம் முன்பே விதைநீக்கம் செய்த ஓர் ஆணைத் தனியாக வளர்த்துவந்த, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரைத் தேர்ந்தேன். முதலில் அடுத்தடுத்த கூண்டுகள், பிறகு தூளை மாற்றி வைத்து வாசனையைப் பழக்குதல், அதன்பின் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பு என்று அவர் அவசரப்படாமல் சேர்த்துவைத்தார். வளர்க்க முடியாத நிலை வந்தால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித்தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே ஒப்படைத்தேன். மாதந்தோறும் எடையை எழுதி அனுப்புகிறார். கடைசியாக வந்த கணக்கு 590 கிராம், விலாப்பக்கத்து மயிரும் முழுதாக வளர்ந்துவிட்டதாம்.