பொருளாதாரத்தின் முதல் பாடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள்

மலேசியப் பள்ளிகளில் நான்காம் படிவத்தில் பொருளாதாரம் எடுக்கும் பிள்ளைகள் பலர் முதல் பாடத்தை விறுவிறுவென்று முடித்துவிட்டு, தேவை, அளிப்பு என்று அடுத்ததற்கு ஓடுகிறார்கள். "விருப்பங்களுக்கு எல்லையில்லை, வளங்களுக்கு எல்லையுண்டு" என்ற வரியை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்விலும் பிறகு ஆறாம் படிவத்திலும் இந்தப் பாடத்தை எடுத்துப் படித்தவள் நான்; இப்போது பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வரி மனப்பாடமாக மட்டும் இருப்பவர்கள் ஐந்தாம் படிவம்வரை திணறுவதைப் பார்க்கிறேன். அது உள்ளே இறங்கியவர்களுக்கு மீதிப் பாடங்கள் தாமாகவே வழிவிடுகின்றன.

முதலில் தட்டுப்பாடு வேறு, பற்றாக்குறை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2022 கடைசியில் கடை கடையாக ஏறி முட்டை தேடினோமே, அது தட்டுப்பாடு. கோழித் தீவன விலை ஏறிக் கிடந்தது. முட்டைக்கோ அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்திருந்தது. அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தது, விற்கச் சரக்குப் போதவில்லை. பிறகு இறக்குமதி வந்தது. நாமக்கல் முட்டைகூட நம் நாட்டுக்கு வந்து இறங்கியது. நிலைமை சீரானது. தட்டுப்பாடு அப்படித்தான், சரக்கு வந்தால் தீரும், விலை மாறினாலும் தீரும். விருப்பங்களுக்கு வளங்கள் போதாமல் இருப்பதுதான் பற்றாக்குறை, அது தீராது. அலமாரி நிறைய முட்டை அடுக்கியிருக்கும் நாளிலும் அந்த முட்டைக்குப் பின்னால் ஒரு நிலமும், தீவனச் சோளமும், சிலருடைய உழைப்பும் செலவாகியிருக்கின்றன. அவற்றை வேறொன்றுக்கும் பயன்படுத்தியிருக்கலாம். அந்த "வேறொன்று" எப்போதும் இருக்கிறது. அதனால்தான் பற்றாக்குறை ஏழைகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. தனிமனிதர், நிறுவனம், அரசாங்கம் மூவருக்கும் அது உண்டு. பல்தேர்வுக் கேள்விகளில் இந்த இடத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

இலண்டனில் பேராசிரியராக இருந்த லயனல் ராபின்ஸ் 1932-ல் பொருளாதாரத்துக்குத் தந்த இலக்கணத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன: மனிதரின் நோக்கங்கள், அவற்றை அடையும் சாதனங்கள் அளவோடு கிடைப்பது, அந்தச் சாதனங்களுக்கு மாற்றுப் பயன்கள் இருப்பது. பிள்ளைகள் எழுதும்போது முதல் இரண்டும் வந்துவிடுகின்றன, மூன்றாவது விடுபடுகிறது. எனக்கு அந்த மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஒரு வளத்துக்கு ஒரே ஒரு பயன்தான் என்றால் அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் தேர்வு செய்ய வேண்டிய வேலையே இல்லை.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பாயான் லெப்பாசை எடுங்கள். 1972-ல் இன்டெல் வந்து தொழிற்சாலை போட்ட வட்டாரம் அதற்கு முன் வயல்காடு. அதே மண்ணில் நெல்லும் விளையலாம், மின்னணுத் தொழிற்சாலையும் நிற்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. சுங்கை மூடா ஆற்றை எடுங்கள். கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் அந்த ஆறு கெடாவில் வயலுக்குப் பாய்கிறது. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதியும் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டுக் குழாய், தொழிற்சாலை, வயல் மூன்றும் கேட்கும் தண்ணீர் அது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகச் சில நாள் குழாயில் தண்ணீர் நின்றதே, அது வேறு கதை, அது தட்டுப்பாடு. வால்வு மாற்றி முடித்ததும் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்று நீரை யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இந்த ஓர் ஆறு போதும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். (வேறெதையும் கைவிடாமல் கிடைக்கும் இலவசப் பொருளுக்கு உதாரணம் வேண்டுமானால் கடல்நீரை எழுதலாம். குழாய்நீரை எழுதாதீர்கள். கட்டணம் மலிவு என்பதால் ஒரு பொருள் இலவசப் பொருள் ஆகிவிடாது.)

இனி வாய்ப்புச் செலவு, மலாய்மொழித் தேர்வுத் தாளில் கோஸ் லெப்பாஸ். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பு எதுவோ அதுதான் வாய்ப்புச் செலவு. கைவிட்ட எல்லாவற்றின் கூட்டுத்தொகை அல்ல, கையிலிருந்து கொடுத்த பணமும் அல்ல. கேள்வியில் ஒருவரின் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுத்திருப்பார்கள்: முதலில் புத்தகம், அடுத்து காலணி, அடுத்து பை. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அவர் புத்தகம் வாங்குவார்; வாய்ப்புச் செலவு காலணி மட்டும்தான். பை அதில் சேராது. உங்கள் வாழ்க்கையிலேயே இது வரப்போகிறது. ஐந்தாம் படிவம் முடித்து வேலைக்குப் போகாமல் ஆறாம் படிவம் போகிறவருக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் சொற்பம்தான், ஆனால் அந்தக் காலத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளம் வாய்ப்புச் செலவு. படிப்பு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டில் அப்பா அம்மா தயங்கும்போது அவர்கள் மனத்தில் ஓடும் கணக்கு என்ன என்று தெரிந்து பேசலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதிக மார்க் போவது உற்பத்திச் சாத்திய வளைகோட்டில், அதாவது மலாய்ச் சுருக்கத்தில் கே.கே.பி.யில். இருக்கும் வளங்களை முழுதாகப் பயன்படுத்தி இரு பொருள்களை அதிகபட்சம் எந்தெந்த அளவுகளில் செய்யலாம் என்று காட்டும் கோடு அது. ஒரு கணக்கோடு பார்ப்போம். தீபாவளிக்குப் பலகாரம் செய்யும் ஒரு சமையற்கட்டு. ஆட்கள், அடுப்பு, நேரம் எல்லாம் மாறாதவை. முழுக்க முறுக்கே சுட்டால் 50 கிலோ. 10 கிலோ அதிரசம் வேண்டுமென்றால் முறுக்கு 46 ஆகும். 20 கிலோ அதிரசத்துக்கு முறுக்கு 38, 30-க்கு 24, 40-க்கு முறுக்கே இல்லை. முதல் 10 கிலோ அதிரசத்துக்குக் கைவிட்ட முறுக்கு 4 கிலோ, அடுத்த பத்துக்கு 8, பிறகு 14, கடைசியில் 24. ஒரு கிலோ அதிரசத்தின் வாய்ப்புச் செலவு 0.4 கிலோ முறுக்கில் தொடங்கி 2.4 வரை ஏறுகிறது. ஏன்? முதலில் அதிரசத்துக்கு மாற்றப்படுகிறவர்கள் பாகுப்பதம் தெரிந்த கைகள். போகப் போக முறுக்குப் பிழிவதில் கெட்டிக்காரர்களையும் பாகு கிண்ட உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. எல்லா வளமும் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. கோடு நேராக இல்லாமல் வெளிப்பக்கம் வளைந்திருப்பதற்கு இதுதான் காரணம். இதை எழுதாமல் "வாய்ப்புச் செலவு கூடுகிறது" என்று மட்டும் எழுதினால் விளக்கத்துக்குரிய மார்க் கிடைக்காது.

அந்த ஒரே படத்தில் முதல் பாடம் முழுவதும் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி இப்போது எட்ட முடியாதது, அது பற்றாக்குறை. கோட்டின் மேல் எந்தப் புள்ளியில் நிற்பது என்பது தேர்வு. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது இழப்பது வாய்ப்புச் செலவு. கோட்டுக்கு உள்ளே நின்றால் ஆளோ அடுப்போ சும்மா கிடக்கிறது, அல்லது சரியாகப் பயன்படவில்லை என்று அர்த்தம். புது இயந்திரம் வந்தால் கோடு வெளியே நகரும். அப்போதும் அதற்கு அப்பால் எட்டாத புள்ளிகள் இருந்துகொண்டே இருக்கும்.

நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவர் என்ற பட்டியலையும், எதை, எப்படி, யாருக்கு உற்பத்தி செய்வது என்ற கேள்விகளையும் பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. பாடநூலில் தெளிவாகவே இருக்கின்றன, இரண்டு முறை வாசித்தால் நிற்கும்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்குக் கருத்து தமிழில் புரிந்துவிடுகிறது, மலாயில் எழுதும்போது ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஃபக்தா (கருத்து), ஹுராயான் (விளக்கம்), சொந்தோ (எடுத்துக்காட்டு) என்ற வரிசை எல்லாருக்கும் தெரியும். நடுவில் உள்ள ஹுராயான்தான் காணாமல் போகிறது. இதற்குப் பயிற்சி நாளிதழில் இருக்கிறது. மக்கள் ஓசையோ மலேசிய நண்பனோ வீட்டுக்கு வந்தால் ஒரு செய்தியை எடுங்கள்: சாலை விரிவாக்கம், உதவித்தொகை, நிலம் மீட்பு, எதுவானாலும் சரி. எந்த வளம், அதற்குப் போட்டியிடும் பயன்கள் எவை, எதைக் கைவிட்டார்கள் என்று தமிழில் யோசித்து, அதை மலாயில் மூன்று வாக்கியமாக எழுதுங்கள். வாக்கியம் எளிமையாக இருந்தால் குறையில்லை. படம் வரைந்தால் இரு அச்சுகளுக்கும் பொருளின் பெயரையும் அலகையும் எழுதுங்கள், தொடக்கத்தில் 0 போடுங்கள், தலைப்புக் கொடுங்கள். எழுதியதை உங்கள் பள்ளி ஆசிரியரிடம் காட்டி, காரணம் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று அவரையே கோடிட்டுத் தரச் சொல்லுங்கள்.