மானுக்கு ஒரு மரம், தேனீக்கு ஒரு மரம்

நான்கு வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஹனிக்ரிஸ்ப் ரக ஆப்பிள் மரத்தில் மொத்தமே ஏழு பழம். செப்டம்பர் கடைசியில் அதில் ஒன்றைப் பறித்துக் குறுக்காக வெட்டினேன். ஆப்பிளை அப்படி வெட்டினால் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஐந்து அறைகள் தெரியும், அறைக்கு இரண்டு என்று பத்து விதை வரை இருக்கும். என் பழத்தில் இரண்டே விதை, இரண்டும் ஒரே பக்கம். விதை இருந்த பக்கம் உப்பி, இல்லாத பக்கம் சப்பிப்போய், பழமே கோணலாக இருந்தது. அதுவரை உரம் போதவில்லை, மண் சரியில்லை என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பூவுக்குக் குறைவில்லை, மகரந்தம்தான் வந்து சேரவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். கிராண்ட் ராப்பிட்ஸுக்கு வடமேற்கே ‘ரிட்ஜ்’ என்று சொல்கிற மேட்டு நிலம் முழுக்க ஆப்பிள் தோட்டங்கள்தான், ஆனால் எங்கள் ஐந்து ஏக்கர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் கிழக்கே, மூன்று பக்கம் காடும் ஒரு பக்கம் மக்காச்சோளக் கொல்லையுமாக இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு ஆப்பிள் மரம் கிடையாது. பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, ஒரே ரகத்தில் பத்து மரம் நட்டாலும் பலனில்லை, ஏனென்றால் எல்லா ஹனிக்ரிஸ்ப்பும் ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவைதான். இதைப் படித்துவிட்டுத்தான் துணைக்கு ஜோனாகோல்ட் என்ற வேறு ரக ஆப்பிள் ஒன்றை நட்டேன். படிக்காமல் விட்ட ஒரு வரி என்னவென்றால், ஜோனாகோல்டுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று, அதனால் அதன் மகரந்தம் வேறு மரத்துக்கு உதவாது. ஹனிக்ரிஸ்ப் அதற்குக் கொடுக்கும், அது திருப்பிக் கொடுக்காது. அந்த வருடம் ஜோனாகோல்டில் கிளை வளையக் காய், பத்தடி தள்ளி நின்ற ஹனிக்ரிஸ்ப்பில் ஏழு.

இதற்கு என்ன வழி என்று தேடும்போதுதான் க்ராப் ஆப்பிள் வந்தது. தனி மரமெல்லாம் இல்லை, ஆப்பிளின் சொந்தக்காரன்தான். பழம் இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் க்ராப் ஆப்பிள், அவ்வளவுதான் கணக்கு. ரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனபோது வரிசைக்கு நடுவே சில மரங்கள் மட்டும் ஒடுக்கமாக வெட்டப்பட்டு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்க நின்றன. அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடம் கேட்டேன். மகரந்தத்துக்காக நட்டது, பழத்தை யாரும் பறிப்பதில்லை, பூ முடிந்ததும் கிளையைக் கழித்துவிடுவோம், பெரிய மரத்தின் இடத்தை இது தின்னக்கூடாது பாருங்கள் என்றார். வரிசை முழுக்க விற்பனைக்கான ஒரே ரகம், நடுநடுவே ஒரு க்ராப். அறுவடையில் ரகம் கலந்துவிடும் என்ற பயமும் இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

க்ராப் ஆப்பிள் ஏன் இவ்வளவு மகரந்தம் கொடுக்கிறது என்றால், பெரிய ஆப்பிள் பெரும்பாலும் பழைய குட்டைக் காய்க்கிளைகளில்தான் பூக்கும், க்ராப் போன வருடம் வளர்ந்த நீளக் கிளையிலும் அடியிலிருந்து நுனி வரை பூக்கும். பூவும் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் எந்த க்ராப்பும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் மரம் பூக்கிற அதே வாரத்தில் அதுவும் பூக்க வேண்டும், இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். டோல்கோ என்ற பழைய ரகம் சீக்கிரம் பூத்துவிடும், ஸ்னோட்ரிஃப்ட் அதற்குப் பின்னால் வரும். எங்கள் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஹனிக்ரிஸ்ப்பின் முழுப் பூக்காலத்தையும் மூடிவிடுகின்றன. இன்னொன்று, பூ வெள்ளையாக அல்லது வெளிர் ரோஜாவாக இருப்பது நல்லது. தேனீ ஒரு நிறப் பூவில் இறங்க ஆரம்பித்தால் அதே மாதிரிப் பூவைத் தேடித்தான் போகும். அடர் சிவப்பில் பூக்கிற அலங்கார ரகத்தை நட்டால் அது தனி மரம், உங்கள் ஆப்பிள் தனி மரம் என்று தேனீ பிரித்துவிடக்கூடும். தூரம் 50 அடிக்குள் இருக்கட்டும். மே மாதக் குளிரில் வளர்ப்புத் தேனீ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலும் கூட்டைவிட்டுக் கிளம்பாது, அப்போது வேலை பார்ப்பது ரோமம் நிறைந்த குண்டு பம்பிள் தேனீக்கள்தான். அதனால் பூக்காலத்தில் பூச்சிமருந்துப் பேச்சே வேண்டாம்.

கடையில் அழகுக்காக விற்கிற ஸ்ப்ரிங் ஸ்னோ என்ற ரகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பூ அவ்வளவு அழகு, ஆனால் மலட்டு மரம், காயே பிடிக்காது, நடைபாதையில் பழம் விழுந்து அழுகக் கூடாது என்பதற்காகவே விற்கிறார்கள். தோட்டத்துக்கும் உதவாது, மானுக்கும் உதவாது. பெயர்ச்சீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மரம் வளர்ந்து பூக்கும் வரை என்ன செய்வது? முதல் வருடம் நான் செய்தது இதுதான்: நண்பர் வீட்டு க்ராப் ஆப்பிளில் பாதி விரிந்த கிளைகளை வெட்டி, பெரிய பக்கெட்டில் தண்ணீர் விட்டு நிறுத்தி, ஹனிக்ரிஸ்ப்பின் அடியில் வைத்தேன். பழைய காலத்து வழிதான். பக்கெட்டிலிருந்து பம்பிள் தேனீ ஒன்று எழும்பி, பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு நேராக ஹனிக்ரிஸ்ப் பூவுக்குப் போனதை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் அறுபதுக்கு மேல் பழம்.

சரி, இப்போது மான்.

எங்கள் காட்டில் வெள்ளைவால் மான்கள் நிறைய. மாலையில் பெண்மானும் இரண்டு குட்டிகளும் வரிசையாகக் கொல்லை ஓரம் வரும்போது வீட்டில் எல்லோரும் சன்னலுக்கு ஓடுவோம். அவற்றுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. டோல்கோ மானுக்கும் பிடிக்கும், ஆப்பிளுக்கும் மகரந்தம் கொடுக்கும் என்றால் ஒரே மரத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று நினைத்து, வேலி இல்லாத இடத்தில், ஹனிக்ரிஸ்ப்புக்கு முப்பதடியில் அதை நட்டேன். இந்தப் பதிவை எழுதுவதே அந்தத் தப்பை இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான். டோல்கோ காய்க்க ஆரம்பித்த ஆகஸ்டில் மான்கள் அதன் அடிக்கு வந்தன. பழம் தீர்ந்ததும் திரும்பிப் போகவில்லை, பக்கத்திலிருந்த ஹனிக்ரிஸ்ப்பின் தளிரையெல்லாம் தின்றன. பனிக்காலத்தில் மறுபடி வந்து மொட்டுகளைக் கடித்தன. மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லாததால் அது கடித்த குச்சி கத்தரித்தது போலச் சுத்தமாக இருக்காது, நார் நாராகப் பிய்ந்து நிற்கும். முயல் கடித்திருந்தால் சாய்வாக, கத்தி வைத்த மாதிரி இருக்கும். அடுத்த மே மாதப் பூ மொத்தமும் அந்த நார் நாராகப் பிய்ந்த நுனிகளில் போய்விட்டது.

மகரந்தத்துக்கான க்ராப் ஆப்பிள் வேலிக்குள்ளே, பழமரத்தோடு. மானுக்கான க்ராப் ஆப்பிள் காட்டோரம், பழமரத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. நான் இப்போது சொல்வது இது ஒன்றைத்தான். டோல்கோவை ஒரு மார்ச்சில் வேரோடு தோண்டிக் காட்டோரத்துக்கு மாற்றினேன், பிழைத்துக்கொண்டது.

மானுக்கான மரத்தைப் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே கூடாது, பழம் எப்போது உதிரும் என்று பார்க்க வேண்டும். டோல்கோ ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய செஸ்ட்நட் க்ராப் செப்டம்பரில் பழுக்கும், அதை மானுக்கு விடவே மனசு வராது, அவ்வளவு ருசி. அப்புறம் நவம்பர் வரை பிடித்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிற வகைகள் வேண்டும். மிச்சிகனில் துப்பாக்கி வேட்டைக் காலம் நவம்பர் 15-ல் தொடங்குகிறது, அதனால் வேட்டைக்காரர்களுக்கென்றே இப்படித் தாமதமாக உதிர்க்கும் மரங்களைத் தேடிப்பிடித்து ஒட்டுக்கட்டி விற்கும் நர்சரிகள் இருக்கின்றன. நான் வேட்டையாடுவதில்லை, ஆனால் என் தேவையும் அதுதான்: பனி விழுவதற்கு முன்னால், உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டிய நேரத்தில் அவற்றுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். உதிராமலே தொங்கிக்கொண்டிருக்கும் பட்டாணி அளவுப் பழங்கள் மானுக்கு எட்டாது. ஸ்னோட்ரிஃப்ட் அந்த மாதிரி, அது குளிர்காலத்தில் பறவைகளுக்கு.

இந்த மண்ணின் சொந்த க்ராப் ஆப்பிள் ஒன்றும் இருக்கிறது, ஸ்வீட் க்ராப் என்பார்கள். முள்போன்ற கிளை, வாசனையான ரோஜாநிறப் பூ, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் பழம். பெரிய ஆப்பிள்கள் பூத்து முடிந்தபின் பூப்பதால் தோட்டத்துக்குப் பிரயோஜனமில்லை, காட்டோரத்துக்கு அருமை. அதன் பலவீனம் துரு நோய். அந்தப் பூஞ்சைக்கு இரண்டு வீடு, ஒன்று ரெட் சீடர் மரம், இன்னொன்று ஆப்பிள் இனம். மே மாத மழைக்கு மறுநாள் ரெட் சீடரில் இருக்கும் கோலிக்குண்டு அளவு கட்டியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும், முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கடல் பிராணி என்றுதான் நினைப்பார்கள். அங்கிருந்து காற்றில் வந்து ஆப்பிள் இலையில் ஆரஞ்சுப் புள்ளி. பக்கத்தில் ரெட் சீடர் நிறைய இருந்தால் துருவைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃபயர் பிளைட் என்ற நோய் இதைவிட மோசம். பாக்டீரியா, வெதுவெதுப்பான ஈர நாட்களில் பூ வழியாகவே உள்ளே போகும். தளிர் நுனி கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, தீயில் வாட்டியது போலக் கறுத்திருந்தால் அதுதான். கறுப்பு முடிகிற இடத்திலிருந்து ஓரடி கீழே, காய்ந்த நாளாகப் பார்த்து வெட்டி எரித்துவிட வேண்டும், கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். செழிப்பாக வளரட்டும் என்று நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் வரும் கொழுகொழு தளிரைத்தான் அது முதலில் பிடிக்கும்.

நடவு பற்றிச் சுருக்கமாக. மானுக்கான மரம் உயரமாக வளர வேண்டும், குட்டை வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) கட்டிய ஒட்டு வேண்டாம். அண்டனோவ்கா அல்லது எம்எம்111 வேர்ச்செடியில் கேளுங்கள், காய்க்கச் சில வருடம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம். மூடாக்கு தண்டில் ஒட்டக் கூடாது. கவாத்து குளிர்கால முடிவில்.

கூண்டு இல்லாமல் நடாதீர்கள். மானுக்காக நடும் மரத்தை மானிடமிருந்தே சில வருடம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஐந்தடி உயரக் கம்பி வலையை நாலைந்தடி அகலத்துக்கு வட்டமாக வளைத்து, இரும்புக் கழியில் கட்டுங்கள். தளிரைத் தின்பது ஒரு பக்கம், செப்டம்பரிலிருந்து ஆண்மான் கொம்பைத் தேய்க்க இளமரத்தைத் தேடும், கட்டைவிரல் பருமன் தண்டு என்றால் ஒரே இரவில் பட்டை சுற்றிலும் உரிந்து மரம் போய்விடும். அடியில் வயலெலி. அது பனிக்குள்ளேயே பாதை போட்டு வந்து பட்டையைக் கொறிக்கும், பனி உருகும் மார்ச்சில்தான் நமக்குத் தெரியவரும். கால் அங்குலக் கண் உள்ள வலையை ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்டைச் சுற்றிக் கட்டினால் போதும். முதல் குளிர்காலத்தில் கட்டாமல் மூன்று மரத்தை இழந்தேன்.

மக்காச்சோளத்தை வாங்கிக் கொட்டினால் சுலபமாயிற்றே என்று கேட்பார்கள். வேண்டாம். பனிக்காலத்தில் மானின் வயிறு குச்சிக்கும் மொட்டுக்கும் பழகியிருக்கும், திடீரென்று நிறையச் சோளம் தின்றால் அதன் இரைப்பையில் அமிலம் பெருகிச் செத்தே போகலாம். தவிர, ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் நோய் பரவும். மிச்சிகன் காட்டு மான்களில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2019-ல் மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பம் முழுவதும் தீனி கொட்டுவதைத் தடை செய்தார்கள். மரத்திலிருந்து தானாக உதிர்வது அந்தக் கணக்கில் வராது. ஆனால் விழுந்த பழத்தை அள்ளிக் குவித்துவைத்தால் அதுவும் தீனிதான். விழுந்த இடத்திலேயே விடுங்கள்.

டோல்கோவில் முதல் இரண்டு கூடையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மனைவி அதில் தொக்கு போடுகிறாள், நெல்லிக்காய்ப் புளிப்பும் மாங்காய் மணமும் சேர்ந்த மாதிரி, தயிர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். மீதி எல்லாம் காட்டோரத்துக்கு.

இந்த மார்ச்சில் தாமதமாக உதிர்க்கும் வகையில் நாலு ஒட்டுச்செடி வருகிறது. வலையும் கழியும் இப்போதே வாங்கிக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.