பலகைப் பாலம்

ஜூன் 8, ஞாயிறு

இரவில் மகளுக்குப் படித்துக் காட்ட ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ எடுத்தேன். கேத்தரின் பேட்டர்சன் எழுதி 1977இல் வந்த நாவல். மறு ஆண்டே, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி பதக்கம் கிடைத்தது. அவர் மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். அந்தச் சாவை விளங்கிக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தார்.

மகளும் அவள் சிநேகிதியும் பேசி ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பெண்ணின் பாட்டி தவறியபோது இவள் போகவில்லை. என்ன பேசுவதென்று பயம். “நீ ஏன் வரலை?” என்று அவள் கேட்க, இவள் பதிலுக்கு வெடுக்கென்று ஏதோ சொல்ல, அதோடு முறிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

கதையில் இன்று, ஓடையைக் கயிற்றில் தொங்கித் தாண்டும்போது கயிறு அறுந்து லெஸ்லி இறந்துவிட்டாள். அவளுடைய உற்ற தோழன் ஜெஸ் அன்று ஆசிரியையோடு வாஷிங்டனில் ஓவியங்கள் பார்க்கப் போயிருந்தான். அவளையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தனியாகப் போவதில் உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு.

மகள் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டாள். “இனிமே அவன் சாரி சொல்லவே முடியாதாம்மா?”

முடியாது என்றேன்.

ஜூன் 11, புதன்

இன்று அவளே புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

துக்கத்தில் ஜெஸ் தன் தங்கை மே பெல்லை முகத்தில் அடித்துவிடுகிறான். லெஸ்லி தந்த வண்ணங்களை ஓடையில் எறிகிறான். துக்கம் பிள்ளைகளிடம் இப்படிக் கோபமாகவும் வரும் என்று மறைக்காமல் எழுதியதற்காகவே இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கும். பிறகு, ஓடைமேல் விழுந்த மரத்தில் பாதி வழியில் பயந்து நிற்கும் அதே தங்கையை அவன்தான் மீட்கிறான். கடைசியில் பலகைகளால் பாலம் கட்டி அவளை அக்கரைக்கு அழைத்துப்போகிறான். முன்பு நான்கைந்து தடவை படித்தும் எனக்குத் தோன்றாதது இன்று தோன்றியது: அன்று லெஸ்லியைக் கூப்பிடாமல் போனவன், இப்போது தங்கையைக் கூப்பிடுகிறான்.

ஜூன் 14, சனி

“அம்மா, அவ வீட்டுக்குக் கூட வர்றியா?”

கதவைத் திறந்த பெண் சிரிக்கவில்லை. “அன்னைக்கு நீ வரலை.”

“பயமா இருந்துச்சு. வந்திருக்கணும். சாரி.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மகள் மெதுவாக, “பாட்டியோட பல்லாங்குழி இருக்கா?” என்றாள்.

உள்ளே போய் எடுத்து வந்தாள். சோழிகளை எண்ணினார்கள். இரண்டு குறைந்தன. கட்டிலுக்கு அடியில் இருவருமாகத் தேடினார்கள்.

நான் அவள் அம்மாவோடு சமையலறைக்குப் போய்விட்டேன்.