குண்டு வேகத்துக்கு ஷட்டர் போதாது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் தேங்காய் சிதறுவதைப் படம் எடுக்காத பினாங்குக்காரர் குறைவு. கேமராவில் 1/8000 வினாடி வைத்தால் சில்லு அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஆனால் வினாடிக்கு 900 மீட்டர் பாயும் துப்பாக்கிக் குண்டு அதே நேரத்தில் 11 சென்டிமீட்டர் போய்விடும். படத்தில் வெறும் கோடுதான் மிஞ்சும்.

அதனால் இவ்வளவு வேகமானதைப் படம் எடுக்கும் வேலையில் ஷட்டரை நம்புவதில்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்து, வெளிச்சத்தை மட்டும் துளி நேரம் கொடுப்பார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே, பளிச்சென்று மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கால் இப்படி எடுத்துக் காட்டினார். லேசர் ஒளித் துடிப்பு அதைவிடக் குறுகியது: 10 நானோ வினாடியில் அந்தக் குண்டு நகர்வது வெறும் 9 மைக்ரோமீட்டர், தலைமுடிப் பருமன்கூட இல்லை!

எனக்குப் பிடித்தது லேசர் வெளிச்சத்தில் எடுக்கும் வெல்டிங் படம்தான், பாயான் லெப்பாஸ் பெக்டரிகளில் வேலை பார்க்கிற நம்மாட்களுக்கு இது சட்டென்று புரியும். வெல்டிங்கின் ஆர்க் சுடர் பல நிறத்திலும் பரவிக் கண்ணைப் பறிக்கும், லேசரோ ஒரே அலைநீளம், பச்சை என்றால் பெரும்பாலும் 532 நானோமீட்டர். லென்ஸுக்கு முன்னால் அதை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால், சுடர் பெருமளவு அடங்கி, உருகிய உலோகம் நெளிவது தெரியும்.

தொல்லையும் உண்டு. லேசர் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக மினுக்கும். ஒளியைக் கண்ணாடி இழை வழியாகக் கலக்கி அனுப்பினால் குறையும். அப்புறம் கண் விஷயம்: சிதறி வரும் ஒளிகூட ஆபத்து, அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.